மங்கு அக்காவும் ஆரஞ்சுப் புள்ளிகளும்

பார்லர்காரி எறிந்த பாட்டில் மங்கு அக்காவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி உடைந்தது. சுவரில் வழிந்த க்ரீம் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலின் நிறத்தில் இருந்தது.

“இது க்ரீமா, இல்ல செங்கல்லை அரைச்சுக் குடுத்தியா? மங்கு போகணும்னு வந்த பொம்பளை துருப்பிடிச்ச தகரம் மாதிரி எழுந்து போறா! என் கடை வாசல்ல நின்னு காறித் துப்பிட்டுப் போறா!”

“கையை அடக்கிப் பேசு. அடுத்த பாட்டிலை எடுத்தே, விரல் விரலா இருக்காது.”

“அடிப்பியா? அடி, பாப்போம். அடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு உனக்கு க்ரீம் செய்யத் தெரியலையே!”

இந்தக் கடைசி வாக்கியம்தான் வினையாகிவிட்டது. மங்கு அக்கா பார்லர்காரியின் கொண்டையைப் பிடித்துவிட்டாள். பார்லர்காரி இவள் கழுத்தில் நகத்தைப் பதித்தாள். சக்கர நாற்காலிகள் ஆளுக்கொரு திசையில் உருண்டன. பாதித் தலைக்குச் சாயம் பூசியிருந்த ஒரு வாடிக்கையாளர், துண்டு நழுவ, வாசலுக்கே ஓடிவிட்டார். வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் இருவரையும் பிரித்தார்கள்.

“இன்னொரு தடவை நிறம் மாறட்டும், இந்தத் தெருவில ஒரு கடைப் படி நீ ஏற மாட்டே!” என்று பார்லர்காரி மூச்சு வாங்கக் கத்தினாள். திரும்பி வந்த பாட்டில்களை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கீறிய கழுத்தோடு மங்கு அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் விற்ற சரக்கால். கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டுக்கு, அதாவது மங்குக்கு, வீட்டிலேயே க்ரீம் செய்து விற்றாள். முதல் பாட்டிலை அவள் செய்தது விற்பதற்கு அல்ல, தனக்கு. புருஷன் அடித்த அடிகளில் வீக்கம் வடிந்தாலும் கண்ணுக்குக் கீழேயும் தாடையிலும் பழுப்புத் தடங்கள் போகாமல் நின்றன. கண்ணாடியில் அவற்றைப் பார்க்கிறபோதெல்லாம் அவன் பக்கத்தில் நிற்பது மாதிரி இருக்கும். அவள் அப்போது ஒரு களிம்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே சுடவைத்து ஒன்றாக்கி, ஆறும்போது மருந்தைச் சேர்க்கிற வேலை. அங்கே கற்றதை வீட்டு அடுப்பில் செய்து பார்த்தாள். சில மாதங்களில் தடம் மங்கியது.

அதற்குள் புருஷனும் மங்கிவிட்டான். ஒரு நாள் சட்டை சரியாகத் தேய்க்கவில்லை என்று அவன் கையை ஓங்கினான். இவள் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே வெளியேறினாள். அம்மா இறந்த பிறகு தங்கச்சி அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும்.

அந்த ஒரு அடிக்குப் பிறகு மங்கு அக்காவின் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் உரசியவனின் மூக்கை உடைத்தாள். தண்ணீர் கேன் போடுகிறவன் மிச்சச் சில்லறைக்குப் பதில் பல்லை இளித்ததற்கு, அவன் கேனைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்த்தாள். தெருப் பெண்கள் இதையெல்லாம் ரசித்தார்கள். “மங்கு அக்காகிட்ட வச்சுக்காதே, வாங்கிக் கட்டிக்குவே” என்று தங்கள் வீட்டு ஆண்களைப் பயமுறுத்தினார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

வீடு ஒரு பட்டறையின் மாடி. கீழே இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் கேட்டுக்காரர். மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு பக்கம் தங்கச்சியின் தையல் மெஷின். மறுபக்கம், பட்டறையைப் பார்த்த ஜன்னலின் கீழே, மங்கு அக்காவின் க்ரீம் மேஜை.

அந்த மேஜையில் அவள் வேறு ஆள். கை நடுங்காது, வாய் பேசாது. மங்கைக் குறைக்க அவள் சேர்ப்பது கோஜிக் ஆசிட் என்கிற வெள்ளைத் தூள், தானியத்தை நொதிக்க வைக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து எடுப்பது. வேலை செய்கிற மருந்து, ஆனால் தொட்டாற்சிணுங்கி. வெயில் பட்டால் மஞ்சளாகும். காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் பழுக்கும். சூட்டில் சேர்த்தால் கெடும். எல்லாவற்றையும்விட, இரும்பைக் கண்டால் ஆகாது, துளி இரும்பு போதும், சிவந்துவிடும். அதனால் குழாய்த் தண்ணீரை அவள் தொடமாட்டாள், காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கண்ணாடிப் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி. இரும்பு எங்கிருந்தாவது தப்பி வந்தால் அதைக் கட்டிப்போட ஒரு சிட்டிகை ஈடிடிஏ தூள். எண்ணெய் கெடாமலிருக்க வைட்டமின் ஈ. கடைசியில், காற்று உள்ளே போகாத, வெளிச்சம் புகாத பம்ப் பாட்டில். பாத்திரம் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்த பிறகே கோஜிக்கைக் கரைத்து ஊற்றுவாள். ஆறும்வரை மூடியும் போடமாட்டாள். மூடினால் ஆவி மூடியில் நீராகக் கோத்து க்ரீமிலேயே சொட்டும், அந்தச் சொட்டில் பூஞ்சை பிடிக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஜன்னலை விரியத் திறந்து, பக்கத்தில் மேஜை விசிறியை வைத்து, வெளிக்காற்றைப் பாத்திரத்தின் மேல் வாரி இறைப்பாள்.

இத்தனை காவலையும் மீறித்தான் க்ரீம் சிவந்தது. அதிலும் ஒரு கண்ணாமூச்சி. ஒரு ஈடு செய்தால் மாதக் கணக்கில் பால் மாதிரி நிற்கும். அடுத்த ஈடு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதே தூள், அதே தண்ணீர், அதே கை. யாரோ கெடுக்கிறார்கள் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள்.

பார்லரிலிருந்து வந்தவள் பையை மேஜையில் கவிழ்த்தாள். தங்கச்சி மெஷினில் ஏதோ பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

“தூள் பாக்கெட்டை எதால வெட்டினே?”

“வந்ததும் வராததுமா என்னக்கா? கழுத்துல என்ன ரத்தம்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. உன் துருப்பிடிச்ச கத்திரிக்கோலால வெட்டினியா?”

“கையால கிழிச்சேன். நீதான் கத்திரி வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே.”

“அப்போ பாட்டிலைக் குழாய்த் தண்ணியில அலசியிருக்கே.”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாதே!”

“என்னைப் பிடிச்சு உலுக்கினா க்ரீம் வெள்ளையாகிடுமா? அந்த ஜன்னலை மூடுன்னு எத்தனை தடவை சொன்னேன். காது கிழியுது, துணி மேலெல்லாம் கறுப்புப் பொடி விழுது. அதைக் கேக்க உனக்கு நேரம் இல்ல. என் கத்திரிக்கோலைத் தேடறதுக்கு மட்டும்...”

மங்கு அக்காவின் கை அப்போது மேஜைமேல் இருந்தது. கையில் எவர்சில்வர் கரண்டி. புறங்கையால்தான் வீசினாள். ஆனால் கரண்டியின் விளிம்பு தங்கச்சியின் கன்னத்து எலும்பில் பாய்ந்து சதையைக் கிழித்தது. தங்கச்சி மெஷினோடு சேர்ந்து சாய்ந்தாள். ஊசி டப்பா கவிழ்ந்து குண்டூசிகள் தரையெல்லாம் சிதறின. அவள் எழுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. உதடு பல்லில் பட்டுப் பிளந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது தங்கச்சி இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, சுவர் மூலையில் ஒண்டி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

மங்கு அக்காவுக்கு அந்த உட்காரும் விதம் தெரியும். வருஷக்கணக்காக அவளே அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூலைதான் வேறு.

கை கீழே இறங்கியது.

தங்கச்சி மெதுவாக எழுந்தாள். துணித் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். அழவில்லை.

“மாமா மாதிரியே அடிக்கிறே அக்கா. முதல்ல கேள்வி, அப்புறம் பொய் சொல்லாதேங்கிறது, அப்புறம் புறங்கை. அதே வரிசை.”

“ஏய்...”

“தையல் கம்பெனி ஹாஸ்டல்ல இடம் இருக்குன்னு சொன்னாங்க. நாளைக்குப் போறேன். ஒரு வீட்டிலருந்து நீ தப்பிச்சே, உன் வீட்டிலருந்து நான் தப்பிக்கிறேன்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, கொடியில் கிடந்த துணிகளை மடிக்காமல் திணித்தாள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கீழே இறங்கினாள். கேட்டுக்காரரின் பெண்டாட்டி “ஐயோ, இது என்னடி கோலம்!” என்று அலறியது மாடிவரை கேட்டது.

மங்கு அக்கா தனியாக நின்றாள். கைக்கு இன்னும் வேகம் அடங்கவில்லை. திரும்பி வந்த பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்தாள். பிளாஸ்டிக் விரிசல் விட்டுத் தெறித்தது. அலமாரியில் ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருப்பாள், எப்படி நிற்கிறது என்று பார்க்க. அதில் ஒன்றையும் எடுத்து ஓங்கினாள். புதியது, இன்னும் முழுதாகச் சிவக்காதது. வெளிச்சம் பட்டதும் கை நின்றது.

வெள்ளை க்ரீமுக்குள் புள்ளிகள். கொசு கடித்த தோல் மாதிரி, தனித்தனி ஆரஞ்சுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கறுப்புத் துகள்.

காற்று கெடுத்தால் மேலிருந்து கீழே மஞ்சளாகும். சூடு கெடுத்தால் முழுதும் ஒரே நிறமாக மாறும். தண்ணீரில் இரும்பு இருந்தாலும் அப்படித்தான், சீராகச் சிவக்கும். புள்ளி புள்ளியாக வந்தால் ஏதோ மேலேயிருந்து விழுந்திருக்கிறது. இது களிம்புக் கம்பெனியில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம். குப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் கை போய்விட்டது.

தரையில், ஊசி பொறுக்கத் தங்கச்சி வைத்திருக்கும் காந்தம் கிடந்தது, சிதறிய குண்டூசிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு. ஊசிகளை உதறிவிட்டு, காந்தத்தை ஒரு மெல்லிய பாலிதீன் பையில் சுற்றி, ஜன்னல் விளிம்பில் இழுத்தாள். கறுப்பு மயிர் முளைத்தது, இரும்புப் பொடி. மேஜையில் இழுத்தாள். இன்னும் முளைத்தது. விசிறியின் கம்பி வலையில் தேய்த்தாள், காந்தம் கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. அவள் போட்ட சிட்டிகை ஈடிடிஏ கொஞ்சம் இரும்பைத்தான் கட்டிப்போடும். ஆறுகிற பாத்திரத்தில் மணிக்கணக்கில் பொடி பொழிந்தால் அது என்ன செய்யும்?

கீழே பட்டறையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் கதறியது. எந்த ஈடு வெள்ளையாக நின்றது என்று யோசித்தாள். பட்டறை பூட்டியிருந்த நாட்களில் செய்தது. அப்புறம் தங்கச்சி வெள்ளைத் துணி தைத்த நாட்களில் செய்தது. துணியில் கறை விழக் கூடாது என்று அவள் ஜன்னலை மூடுவாள். மற்ற நாட்களில் “வெந்து சாகணுமா?” என்று திட்டி, இவள் திறப்பாள்.

இது புரிந்தவுடனே அவள் செய்திருக்க வேண்டியது ஒன்று. செய்தது வேறு. காந்தத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் புகுந்தாள்.

கேட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு இரும்புப் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி வாசல்வரை பறந்தது. அவள் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரம் முனகி நின்றது.

“ஏம்மா! கை போயிருக்கும் எனக்கு! புத்தி இருக்கா?”

“உன் இரும்பு என் பாத்திரத்துல விழுதுய்யா! இதைப் பாரு!”

மூக்கருகே நீட்டிய காந்தத்தை அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நல்லா மீசை வச்சிருக்கு. பேரு என்ன?”

காந்தம் இருந்த முஷ்டியாலேயே அவர் வாயில் குத்தினாள். அவர் பின்னால் இரண்டடி போய், ரத்தத்தைத் துப்பி, பல் இருக்கிறதா என்று நாக்கால் தேடினார். பிறகு வந்தார். இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பு. ஒரே தள்ளு, அவள் பாதி முடிந்த கேட்டின் மேல் போய் விழுந்தாள். அதன் உச்சியில் வைத்திருந்த கூர்முனை ஒன்று அவள் மேற்கையைத் தோளிலிருந்து முழங்கைவரை கோடு போட்டுக் கிழித்தது. எழுந்தவள் கையில் ஒரு கம்பி இருந்தது. அவர் தோளில் அடித்தாள். இரண்டாவது அடியை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு நுனியில் அவள், மறு நுனியில் அவர். தரையில் சிந்திய கறுப்புப் பெயிண்டில் கால் வழுக்க, இருவரும் இழுத்தார்கள்.

“இருபது வருஷமா இங்க இரும்பு அறுக்கிறேன். பட்டறைக்கு மேல குடிவந்துட்டு, பொடி பறக்குதுன்னு சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“கொன்னுடுவேன்யா உன்னை!”

“அண்ணே.” பெயிண்ட் டிரம்மின் மேல் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்காரரின் பெண்டாட்டி ஐஸ் சுற்றிய துணியை அவள் கன்னத்தில் பிடித்திருந்தாள். தங்கச்சி எழுந்திருக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. “கம்பியை அப்படியே பிடிச்சுக்குங்க. அவளை ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. ஜன்னலைத் திறந்தது யாருன்னு கேளுங்க.”

கேட்டுக்காரர் மூச்சிரைத்தார். “கேட்டாச்சு. சொல்லு, யாரு?”

மங்கு அக்காவுக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. நீதான்டி என்னைக் கை நீட்ட வச்சே. அந்த வாக்கியத்தை அவள் இதற்கு முன்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து, வாயில் ரத்தத்தோடு, புருஷன் குரலில் கேட்டிருக்கிறாள். இப்போது அது அவள் நாக்கில் தானாக வந்து நின்றது.

எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

“நான்தான்.”

“கேக்கல” என்றாள் தங்கச்சி.

“நான்தான் திறந்தேன். நீ மூடினே, நான் திறந்தேன். கத்திரிக்கோலும் இல்ல, தண்ணியும் இல்ல. என் விசிறிதான் பொடியை வாரிப் போட்டுது. உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

கம்பியை விட்டாள். எதிர்பாராமல் விட்டதில் கேட்டுக்காரர் பின்பக்கமாகப் போய்ப் பெயிண்டில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, அவர் பெண்டாட்டியைத் தவிர.

“நல்லா உட்காருங்க. உங்க பொடியால எம் புடவையும்தான் நாசமாகுது. நான் சொன்னா கேட்டீங்களா?”

அடுத்த நாள் தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போகவில்லை. ஏன் என்று மங்கு அக்கா கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. தங்கச்சியே சொன்னாள்.

“உண்மையைச் சொன்னே, அதுக்காக இருக்கேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னொரு தடவை கை மேல போச்சுன்னா, அது இறங்குறதுக்குள்ள நான் தெருவில இருப்பேன்.”

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிரிக்கவில்லை.

வேலை மாறியது. மேஜை உள்ளறைக்குப் போனது, அங்கிருந்து கதவு வழியே தையல் மெஷின் தெரியும். ஜன்னலுக்குத் தாழ்ப்பாள், தங்கச்சி சொன்னால்தான் அது திறக்கும். ஆறவைக்க விசிறி கிடையாது. பாத்திரத்தை ஒரு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, மேலே பலமுறை அலசிக் காயவைத்த மெல்லிய துணியைக் கட்டினாள். ஆவி துணி வழியே போய்விடும், பொடி வராது. செய்வதற்கு முன் மேஜையை ஈரத் துணியால் துடைத்து, காந்தத்தை இழுத்துப் பார்ப்பாள். மயிர் முளைத்தால் மறுபடி துடைப்பாள். கேட்டுக்காரர் வீங்கிய உதட்டோடு, யாரும் கேட்காமலே, தன் பக்கத்தில் ஒரு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டார். “எம் பெண்டாட்டிக்காகப் போட்டது” என்றார். “உனக்குன்னு நினைச்சுக் கட்டிப் பிடிச்சுடாதே. தோள் இன்னும் வலிக்குது.”

முதல் ஈடு செய்கிறபோதே சோதனை வந்தது. கோஜிக் கரைசலை நீட்டிய தங்கச்சியின் கை நழுவி, கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது. மங்கு அக்காவின் கை காதுவரை போய்விட்டது. தங்கச்சி முகத்தை மூடவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அவ்வளவுதான். போன கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மங்கு அக்கா தன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள், வலிக்கும்வரை. பிறகு குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். ஒன்று விரலில் ஏறியது. சத்தம் போடாமல் பிடுங்கி எறிந்துவிட்டு, வேறு கிண்ணத்தில் தூளைக் கரைத்தாள்.

அந்த ஈடு ஒரு வாரம் நின்றது. ஒரு மாதம் நின்றது. குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு புள்ளி இல்லை. பார்லர்காரி ஆள் அனுப்பாமல் தானே மாடியேறி வந்தாள். ஒரு சொட்டைப் புறங்கையில் பிதுக்கிப் பார்த்தாள்.

“கண்ணு கூசுது. கொண்டையைப் பிடிச்சதை நான் மறக்கல, தெரிஞ்சுக்க.”

“நகத்தை நானும் மறக்கல.”

“சரி, பெட்டியை எடு.”

போகும்போது பார்லர்காரி தங்கச்சியின் முகத்தைப் பார்த்து நின்றாள். கன்னத்துக் காயம் ஆறிவிட்டது. தழும்பு உள்ளே அடங்கி, அதன் மேல் ஒரு பழுப்புத் தடம் விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது. “இவ்வளவு நல்ல க்ரீமை வீட்டில வச்சுக்கிட்டு, உன் மூஞ்சியைப் பாரு. பூசிக்கக் கூடாதா?” என்றாள். தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவள் படியிறங்கிய பிறகு மங்கு அக்கா ஒரு புது பாட்டிலை எடுத்து மெஷின் மேல் வைத்தாள்.

“ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு. பகல்ல வெயில் படாம பாத்துக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல போயிடும்டி.”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

“போயிடும்னுதான் வேண்டாங்கிறேன்.” தங்கச்சி பாட்டிலை எடுத்து, மற்ற பாட்டில்களோடு விற்பனைப் பெட்டியில் வைத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். தடம் இருந்த கன்னம் உள்ளறை மேஜைப் பக்கம் வந்தது. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து ஊசிக்கு அடியில் கொடுத்தாள்.

கீழே கிரைண்டர் கதறத் தொடங்கியது. மங்கு அக்கா போய் ஜன்னல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்துக்கு எதிரே, காந்தத்தை இழுக்க ஆரம்பித்தாள்.